மூலதனம் கரையாத கொடை: பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கூடுதல் வருவாய்

பொதுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பணம் நான்கு வழிகளில் வருகிறது. முதல் வழி அரசு மானியம். ஒன்றியப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றிய அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் தருகின்றன. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பகுதியை மாநில அரசு தருகிறது. இரண்டாவது, மாணவர்கள் செலுத்தும் நூலகக் கட்டணம். மூன்றாவது, தாமதக் கட்டணம், நகலெடுப்பு, வெளியார் உறுப்பினர் சந்தா போன்ற சில்லறை வரவுகள். நான்காவது நன்கொடை. முதல் மூன்றையும் விதிகளே கொண்டுவந்து சேர்த்துவிடும். நான்காவதை யாராவது கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு ஆளும் முறையும் இருக்கும் நூலகங்களில் அது ஆண்டுதோறும் பெருகுகிறது. அவை இல்லாத இடங்களில், ஓய்வுபெற்ற பேராசிரியர் கொண்டுவந்து வைக்கும் சில புத்தகக் கட்டுகளோடு அது நின்றுவிடுகிறது.

காரைக்கால் மாவட்டத்தில் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடி போன்ற ஊர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்களை நம்பியே உயர்கல்விக்குப் போகிறார்கள். காரைக்காலில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. செருமாவிலங்கையில் பஜன்கோவா வேளாண் கல்லூரி. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். நாடாளுமன்றச் சட்டத்தால் 1985இல் தோன்றிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் மைய நூலகம், நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கிக் காலாப்பட்டில் நிற்கிறது. காரைக்காலிலிருந்து அங்கே போக நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். இப்படி மையத்திலிருந்து விலகியிருக்கும் வளாகங்களுக்குத்தான் மானியத்துக்கு மேல் ஒரு வருவாய் அதிகம் தேவைப்படுகிறது.

மானியம் ஏன் போதவில்லை

நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது விடுதலைக்குப் பிறகு வந்த கல்விக் குழுக்கள் பலவும் பேசிய பொருள். 1948-49ஆம் ஆண்டின் இராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகத்தின் மொத்தச் செலவில் ஆறேகால் விழுக்காட்டை நூலகத்துக்குத் தரலாம், அல்லது மாணவர் ஒருவருக்கு 40 ரூபாய் வீதம் ஒதுக்கலாம் என்றது. 1964-66ஆம் ஆண்டின் கோத்தாரிக் குழு, மாணவருக்கு 25 ரூபாய், ஆசிரியருக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டது. தொகைகள் இன்று பழையவை. ஆனால் அவற்றின் அடியிலிருந்த எண்ணம் பழையதாகவில்லை: நூலகத்தின் பங்கு பல்கலைக்கழகத்தின் அளவோடு சேர்ந்து வளர வேண்டும்.

நடைமுறையில் அப்படி வளர்வதில்லை. பல்கலைக்கழக வரவுசெலவில் ஊதியமும் ஓய்வூதியமும் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மின்கட்டணமும் கட்டடப் பராமரிப்பும் காத்திருக்க மாட்டா. புத்தகம் வாங்குவதை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியும். தள்ளிவைத்தால் அன்றைக்கு யாரும் தட்டிக்கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து ஆராய்ச்சி மாணவர் தேடி வரும்போதுதான் அடுக்கில் இருக்கும் இடைவெளி தெரிகிறது. 2024 பிப்ரவரியில் வருமான வரி நிலுவை தொடர்பாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. நூற்றைம்பது ஆண்டு கடந்த பல்கலைக்கழகத்தின் பணப்புழக்கமும் ஒரே நாளில் தடைப்படலாம் என்பதை அது காட்டியது.

ஆய்விதழ்களின் விலைதான் நீண்ட காலம் பெரும் சுமையாக இருந்தது. அதற்கு இப்போது ஓரளவு விடிவு வந்திருக்கிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பன்னாட்டுப் பதிப்பகங்கள் முப்பதின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. காரைக்கால் வளாகத்து மாணவருக்கும் தில்லி மாணவருக்கும் ஒரே இதழ் ஒரே நாளில் கிடைப்பது பெரிய நன்மை.

ஆனால் அந்தத் திட்டம் ஆய்விதழ்களுக்கானது. தமிழ்ப் பாடநூல்கள், காவிரிக் கடைமடைப் பகுதியின் வேளாண்மை, மீன்பிடிப்பு பற்றிய நூல்கள், பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்கள், உடைந்துபோகும் நிலையிலுள்ள பழைய பதிப்புகளின் எண்மப் பதிவு, பார்வையற்ற மாணவருக்கான வாசிப்புக் கருவி, இரவு ஒன்பது மணிவரை வாசிப்பறையைத் திறந்துவைக்க ஒரு பணியாளர் ஆகியவை அதில் அடங்கமாட்டா. நன்கொடையால் கிடைக்கும் கூடுதல் வருவாய் பயன்பட வேண்டிய இடங்கள் இவைதாம்.

தமிழ்நிலத்தின் பழைய வழக்கம்

கல்விக்குக் கொடை திரட்டுவது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமையன்று. புதுச்சேரிப் பகுதியிலுள்ள திருபுவனைக் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதை அது சொல்கிறது. சிதம்பரம் கோயில் கல்வெட்டு ஒன்று ‘சரசுவதி பண்டாரம்’ என்று ஓலைச்சுவடிக் காப்பகத்தைக் குறிப்பிடுகிறது. இந்தக் கொடைகளின் அமைப்பு கவனிக்கத்தக்கது. நிலத்தை விற்றுச் செலவழிக்கவில்லை. நிலம் அப்படியே நின்றது. விளைந்த நெல்லைக் கொண்டு ஆசிரியரும் மாணவரும் உண்டார்கள். டெல்டாக் கோயில்களில் இன்றும் வழங்கும் ‘கட்டளை’ என்பதும் இதே அமைப்புத்தான். இன்ன பூசைக்கு என்று ஒரு குடும்பம் எழுதிவைக்கிறது, முதல் தொடப்படுவதில்லை, வருமானம் குறித்த செலவுக்கே போகிறது, யார் பெயரில் எதற்காக என்பது ஊருக்குத் தெரிகிறது. நவீன பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளை வைப்புநிதி என்று சொல்வதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அண்ணாமலை செட்டியார் 20 இலட்சம் ரூபாயும் தாம் நிறுவிய கல்லூரிகளும் கொடுத்து, 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்தப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பெருங்கொடை ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைக்கும். நூறாண்டு நடத்திச் செல்ல அரசின் தொடர்ந்த பொறுப்பு வேண்டும்.

நூலகத்துக்கு நேராகப் பொருந்தும் எடுத்துக்காட்டு காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் பிறந்தவரிடம் கிடைக்கிறது. சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஊதியத்தில் சேமித்த ஒரு இலட்சம் ரூபாயை 1950களில் அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, தம் மனைவி சாரதாவின் பெயரில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவிக்கு அறக்கட்டளை வைத்தார். 1961இல் தம் நூல்களின் உரிமைத் தொகையைக் கொண்டு பெங்களூரில் சாரதா அரங்கநாதன் அறக்கட்டளையைத் தோற்றுவித்தார். பெருவணிகர் அல்லாத ஒருவர், மாதச் சம்பளக்காரர், தம் தொழிலுக்கு நிலையான வருவாயை உண்டாக்கிவிட்டுப் போனார் என்பதே இதில் சிறப்பு.

கொடையின் வகைகள்

நூலகத்துக்கு வரும் கொடைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்யும்.

ஒருமுறை கொடுத்து ஒருமுறை செலவழிப்பது முதல் வகை. கணினி வாங்க, வாசிப்பறைக்கு மேசை போட, வெள்ளத்தில் நனைந்த நூல்களைச் சீராக்க இது ஏற்றது. அடுத்த ஆண்டு அந்தப் பணம் இருக்காது என்பதால் சந்தா, சம்பளம் போன்ற தொடர்செலவுகளை இதில் ஏற்றக் கூடாது.

இரண்டாவது வகை வைப்புநிதி. பத்து இலட்சம் ரூபாயை வைத்து ஆண்டுக்கு ஏழு விழுக்காடு வட்டி கிடைப்பதாகக் கொண்டால் 70,000 ரூபாய் வரும். முழுவதையும் செலவழித்தால் விலைவாசி ஏற ஏற அந்த 70,000இன் வாங்கும் ஆற்றல் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே 40,000 ரூபாயை நூல்களுக்குச் செலவிட்டு 30,000 ரூபாயை மூலதனத்தோடு சேர்ப்பது அறிவுடைமை. அப்போது நிதி ஆண்டுக்கு மூன்று விழுக்காடு வளர்ந்து, நூல் விலையேற்றத்தை ஓரளவு ஈடுகட்டும். தொகை சிறியது போலத் தோன்றலாம். ஆனால் ஒரு துறைக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் 40,000 ரூபாய், இருபது ஆண்டில் ஒரு நல்ல துறை நூலகத்தை எழுப்பிவிடும்.

மூன்றாவது, நூல்தொகுப்பாகத் தரப்படும் கொடை. அறிஞர்கள் வாழ்நாள் முழுதும் சேர்த்தவை பணத்தால் வாங்க முடியாதவை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த நூல்களையும் இதழ்களையும் அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக அமையச் செய்தது. அந்தத் தொகுப்பு தமிழ்நாட்டிலேயே நின்றது நற்பேறு. விலைக்கு வரும் தொகுப்பை உடனே வாங்குவதற்குக் கையில் நிதி உள்ள பல்கலைக்கழகமே இத்தகைய நேரங்களில் முன்னே நிற்க முடியும் என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. ஆண்டு மானியத்தை எதிர்பார்த்துக் கோப்பு நகர்த்தினால் தொகுப்பு துண்டு துண்டாகிப் பழைய புத்தகக் கடைக்குப் போய்விடும்.

அதே வேளையில், தருவதெல்லாம் வாங்கிக்கொள்ளத்தக்கதல்ல. ஒவ்வொரு நூலையும் பதிவேட்டில் ஏற்றி, வகைப்படுத்தி, அடுக்கில் வைக்கச் செலவுண்டு. காலங்கடந்த பாடநூல்களும் ஒரே நூலின் பத்துப் பிரதிகளும் வந்து குவிந்தால் அது வருவாயன்று, சுமை. எதை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம், ஏற்றதைப் பின்னாளில் வேறு நூலகத்துக்குத் தரலாமா என்பதை எழுத்தில் வைத்துக் கொடையாளரிடம் முன்கூட்டியே காட்டுவது நல்ல மரபு.

நான்காவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உள்ள நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வி வளர்ச்சியும் பொது நூலகம் அமைப்பதும் அந்தப் பணிகளின் பட்டியலில் உள்ளன. காரைக்கால் நெரவியில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப்படுகை அலுவலகம் இருக்கிறது. கடற்கரையில் தனியார் துறைமுகம் இயங்குகிறது. சுற்றுவட்டார நூலகங்கள் தெளிவான திட்டத்தோடு கதவைத் தட்டுவதற்குரிய இடங்கள் இவை.

ஐந்தாவது, சிறுதொகை கொடுக்கும் பலர். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் ஆயிரம் ரூபாய் செலுத்துபவரைப் புரவலர் என்றும் ஐந்தாயிரம் செலுத்துபவரைப் பெரும்புரவலர் என்றும் பதிவுசெய்யும் வழக்கம் உண்டு. வாசகர் வட்டமும் அங்கே பழகிய அமைப்பு. பல்கலைக்கழக நூலகங்கள் இவ்விரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பிற நாடுகளிலிருந்து

ஆக்ஸ்போர்டில் சிதைந்து கிடந்த பல்கலைக்கழக நூலகத்தை மீட்க 1598இல் முன்வந்த தாமஸ் பாட்லி, தம் பணத்தோடு நிற்கவில்லை. கொடுத்தவர் பெயரையும் கொடுத்த பொருளையும் எழுதும் பெரிய பதிவேடு ஒன்றைச் செய்வித்து, வருவோர் காணும்படி நூலகத்தில் வைத்தார். 1602இல் நூலகம் திறந்தது. பின்னர் நிலத்தையும் வீடுகளையும் எழுதிவைத்து நிலையான வருவாயும் ஏற்படுத்தினார். அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகமான பெர்க்கிலியில், சார்லஸ் பிராங்க்ளின் டோ என்ற வணிகர் 1904இல் இறந்தபோது உயிலில் எழுதிவைத்த பங்கைக் கொண்டு 1911இல் நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. உயில்வழிக் கொடையை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே கேட்கின்றன. நம் நாட்டில் அதைப் பற்றிப் பேசத் தயக்கம் இருக்கிறது.

புலம்பெயர்ந்த தமிழரின் முயற்சிகள் இன்னும் நெருக்கமானவை. டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் கனடிய டாலரை, பல நாட்டுத் தமிழர்கள் சிறிதும் பெரிதுமாகக் கொடுத்து 2021இல் நிறைவுசெய்தார்கள். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையும் அதன் தமிழ் நூலகமும் நிதியின்றித் தடுமாறியபோது, ஐரோப்பியத் தமிழர்கள் நன்கொடை திரட்டினார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு 1 கோடியே 25 இலட்சம் ரூபாய் ஒதுக்கியது. நூல்கள் எத்தனை இருந்தாலும், அவற்றைப் பேணவும் கற்பிக்கவும் ஆள் வைக்க நிதி இல்லையென்றால் தொகுப்பு நிலைக்காது என்பது கொலோன் சொல்லும் பாடம். நம் நாட்டிலேயே சென்னை ஐ.ஐ.டி. தன் முன்னாள் மாணவர்களிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் 2023-24இல் 513 கோடி ரூபாய் திரட்டியது. அதற்கென்று முழுநேர அலுவலகமும் பல்லாண்டுத் தொடர்பும் அங்கே இருக்கின்றன.

சட்டமும் வரியும்

காரைக்காலில் கொடையாளர்களைத் தேடும்போது பிரான்ஸ் தொடர்பு முதலில் நினைவுக்கு வரும். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இந்தப் பகுதி 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களும், பின்னர் பாரிசுக்கும் ரீயூனியனுக்கும் போன குடும்பங்களும் இன்றும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் மாங்கனித் திருவிழாவுக்கும் வந்துபோகின்றன. பிறந்த மண்ணுக்குச் செய்ய விரும்புவோர் அவர்களில் பலர்.

இங்கே சட்டத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் தருவது, அவர் காரைக்காலில் பிறந்தவரானாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும். சட்டத்தால் நிறுவப்பட்டு, இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் தணிக்கைக்குக் கட்டாயமாக உட்பட்ட அமைப்புகளுக்கு 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அந்த விலக்கு இல்லை. அது தனியே பதிவு பெற வேண்டும். ஆகவே வெளிநாட்டுக் கொடையைச் சங்கக் கணக்கில் வாங்காமல் பல்கலைக்கழகக் கணக்கிலேயே நேராக வாங்குவது பாதுகாப்பானது.

உள்நாட்டுக் கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு உண்டு. 80ஜி என்று நெடுங்காலமாக அறியப்பட்ட அந்தச் சலுகை, பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கே பொருந்தும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. ரசீது உடனே தருவதும், உரிய சான்றிதழை ஆண்டு முடிவில் தவறாமல் அனுப்புவதும் நூலகத்தின் கடமை.

கேட்கும் முறை

நிதி திரட்டல் நூலகர் ஒருவரின் தலையில் மட்டும் விழக் கூடாது. பதிவாளர், நிதி அலுவலர், முன்னாள் மாணவர் சங்கம், ஓரிரு ஆசிரியர்கள், மாணவர் ஒருவர் அடங்கிய சிறு குழு வேண்டும். முதல் வேலை, தேவைப் பட்டியல் தயாரிப்பது. ‘நூலக வளர்ச்சிக்கு உதவுங்கள்’ என்ற பொதுவான வேண்டுகோளுக்கு யாரும் அசைவதில்லை. ‘காரைக்கால் வரலாறு, பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்கள் பற்றிய தொகுப்புக்கு ஐந்து இலட்சம் வைப்புநிதி, ஆண்டுக்கு இத்தனை நூல் வாங்குவோம்’ என்றால் கொடுப்பவருக்குத் தம் பணம் போகுமிடம் தெரிகிறது. பட்டியலில் ஆயிரம் ரூபாய்க்கும் ஒரு பணி இருக்க வேண்டும், பத்து இலட்சத்துக்கும் ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டாவது, முன்னாள் மாணவர் விவரங்களைச் சேர்ப்பது. பட்டம் வாங்கிய நாளோடு தொடர்பு அறுந்துபோனவரிடம் இருபது ஆண்டு கழித்துப் பணம் மட்டும் கேட்டுச் செல்வது முறையாகாது. முன்னாள் மாணவருக்கு நூலக உறுப்பினர் அட்டையும் ஆண்டுக்கொரு கடிதமும் கொடுத்தால் உறவு நிலைக்கும். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசியக் குழுவான நாக்கின் தரமதிப்பீட்டிலும் முன்னாள் மாணவர் பங்களிப்பு ஓர் அளவுகோல் என்பதால், நிர்வாகத்துக்கும் இதில் ஆர்வம் உண்டாக இடமிருக்கிறது.

மூன்றாவது, கணக்கு. நூலக நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவுக் கணக்கில் அது கலக்கக் கூடாது. என்ன வந்தது, எவ்வளவு செலவாயிற்று, எந்த நூல்கள் வாங்கப்பட்டன என்பதை ஆண்டுதோறும் நூலக வாசலில் ஒட்டி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். ஆயிரம் ரூபாய் கொடுத்தவருக்கும் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும். அடுத்த கொடையைக் கொண்டுவருவது அந்தத் தாள்தான்.

எல்லைகள்

நன்கொடையில் மூன்று ஆபத்துகள் உண்டு. கொடையாளர்கள் கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தையும் கணினியையும் விரும்புவார்கள். நூற்பட்டியல் தயாரிப்பவரின் சம்பளத்துக்கோ கரையான் தடுப்புக்கோ மனம் வருவது அரிது. ஆகவே ஒவ்வொரு கொடையிலும் ஒரு சிறு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்குவதை விதியாக வைக்க வேண்டும். இரண்டாவது ஆபத்து நிபந்தனை. எந்த நூலை வாங்குவது, எதை விலக்குவது என்பதில் கொடையாளருக்குச் சொல்லுரிமை தரக் கூடாது. துறையைக் குறிப்பிடலாம், நூலைத் தேர்வது நூலகமும் ஆசிரியர்களுமே. இதை ஏற்க மறுப்பவரின் பணத்தை நன்றியோடு திருப்பிவிடுவது நூலகத்தின் மானத்தைக் காக்கும்.

மூன்றாவது ஆபத்து எல்லாவற்றிலும் பெரியது. நன்கொடை வருகிறது என்று காட்டி மானியத்தைக் குறைப்பது. அப்படி நடந்தால் கொடுத்தவரின் பணம் மாணவருக்குப் போகாமல் அரசின் கடமையை ஈடுகட்டப் போகும். பணக்கார முன்னாள் மாணவர் உள்ள துறைகள் செழித்து, மற்றவை வாடும். தலைநகர வளாகங்கள் வளர்ந்து, காரைக்கால் போன்ற விளிம்பு வளாகங்கள் பின்தங்கும். இதைத் தடுக்க வழியுண்டு. நன்கொடை வருவாயை வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் காட்டி, நூலக மானியம் முந்தைய ஆண்டைவிடக் குறையாது என்று பல்கலைக்கழகத்தின் நிதிக்குழு தீர்மானம் போட்டுவைக்கலாம். அரசுப் பணம் நூலகத்தின் அன்றாடத்தை நடத்தட்டும். கொடைப் பணம் அரசுப் பணம் எட்டாத நூலையும் ஆவணத்தையும் வாசிப்பு நேரத்தையும் மாணவருக்குக் கொண்டுவரட்டும். இந்தப் பிரிவினை எழுத்தில் இருக்கும் இடத்தில்தான் நிதி திரட்டல் உண்மையான கூடுதல் வருவாயாகிறது.